மந்திரவாதிக்கு என் மூக்கு

அப்பா விட்டுப்போன காலிப்பரை மூக்கின் மேல் வைத்து நான் அளந்துகொண்டிருந்தபோது சரோஜா கூடத்துக்குள் வந்தாள். கையில் கொத்தமல்லிக் கட்டு.

"என்னங்க பண்றீங்க?"

"மூக்கை அளக்கிறேன்."

"எதுக்கு?"

"ஒரு ஃபாரத்துக்கு."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். படிவம் என்று வந்துவிட்டால் நான் எதையும் செய்வேன் என்பது அவளுக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்து கொத்தமல்லியை ஆய ஆரம்பித்தாள். பிறகு டிவியை நிமிர்ந்து பார்த்தாள். அதில் இடுப்புத் துணி மட்டும் கட்டிய வழுக்கைத் தலை ஆசாமி ஒருவன், கடை வாசலில் வைத்த பொம்மைபோல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பாக்க உங்களாட்டம் இருக்கான். யாரு இது?"

"நான்தான்."

"வேட்டி எங்க?"

"அது அடுத்த பக்கத்துல வரும்."

காலிப்பர் ஜில்லென்று இருந்தது. அதன் தாடைகளுக்கு நடுவில் ஒரு காலத்தில் ரயில் பெட்டியின் அச்சுகள் நின்றிருக்கும். அப்பா லாலாகுடா ரயில் பட்டறையில் ஃபிட்டர். அளவு எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார். பிடித்துக்கொண்டேன். மூக்கை அளக்கும்போது அது கொஞ்சம் சிரமம்.

ஓர் இடம் காலி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கதவு எண் விவகாரத்தைப் படித்துவிட்டு, உங்களுக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு. நான் வீடியோ கேம் ஆடுகிறேன். அதுவும் வாள், மந்திரம், அரக்கர், பாழடைந்த கோட்டை எல்லாம் உள்ள விளையாட்டு. அவர் மன்னிக்க வேண்டும்.

நான் ஓய்வுபெற்று ஓரிரு மழைக்காலம் போயிருக்கும். ஊரின் மறுகோடியில், மாதாப்பூரில் இருக்கும் என் மகள் நித்யாவும் மருமகன் கிரணும் புது விளையாட்டுப் பெட்டி வாங்கினார்கள். பழையது மௌலா அலியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரே ஒரு கன்ட்ரோலர். இன்னொன்றை அவர்கள் வீட்டு நாய் தின்றுவிட்டது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். இந்த விவரம் முக்கியம்.

நித்யா, கிரண், அவர்களுடைய நண்பன் ஒருவன். இந்த மூவரும் ஞாயிறுதோறும் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒரு ராஜ்யத்தில் நடந்து போவார்கள். ஒரு சூனியக்காரியை ஒழிக்க வேண்டும். அந்த நண்பனுக்குக் குழந்தை பிறந்தது. சூனியக்காரிக்கு நேரமில்லை என்று விலகிக்கொண்டான். மூன்றாவது இடம் காலி.

"அப்பா, நீங்க வர்றீங்களா? உங்க கேரக்டரை மட்டும் செஞ்சு வச்சிடுங்க. சண்டே நாலு மணி" என்றாள் நித்யா.

வருகிறேன் என்றேன். ராஜ்யத்தின் மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை.

நித்யா வாரநாட்களில் கூப்பிடுவாள். மாத்திரை போட்டீர்களா, அம்மா எங்கே, சரி வைக்கிறேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பேச்சு முடிந்துவிடும். முன்பெல்லாம் அப்படி இல்லை. ஆபீஸ் கதை அத்தனையும் சொல்வாள். அவள் எதைச் சொன்னாலும் நான் அதற்கான வழிமுறையைச் சொல்வேன். மேலதிகாரி திட்டினாரா, எழுத்து மூலமாகக் கேள். விடுப்பு இல்லை என்றாரா, விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு. ஒருநாள் அவள், "அப்பா, நான் சும்மா சொன்னேன்" என்றாள். சும்மா சொல்வதற்கு என்ன வழிமுறை என்று எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு பால் பொங்கும் நேரம்தான்.

ஞாயிறு என்றால் இரண்டு மணி நேரம். அந்த இடம் எனக்கு வேண்டும்.

எழுத்தருக்குத் தொழில் இல்லை

நான் வேலை பார்த்தது ஓர் அரசு அலுவலகத்தில், பணியாளர் பிரிவில். பெயரைச் சொன்னால் இன்னும் சிலர் பயப்படுவார்கள், வேண்டாம். ஓர் ஆள் வேலைக்குச் சேர்ந்தால் அவனுடைய பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தை எழுதுவது நான்தான். பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளங்கள். அந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதியதை ஆண்டவனே இறங்கி வந்தாலும் திருத்த முடியாது. அவர் உரிய வழியில் விண்ணப்பிக்க வேண்டும்.

விளையாட்டைத் திறந்ததும் முதலில் வந்தது கிட்டத்தட்ட அதே பக்கம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. முகவாய்க்கு ஒரு பட்டியல். புருவத்துக்கு ஒரு பட்டியல், அதன் அடர்த்திக்கு இன்னொன்று. காது மடலின் சாய்வு. கண்ணின் வெள்ளைக்கு நிறம். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு படிவம் கிடைத்திருந்தால் ஓர் ஆள்மாறாட்டம்கூட நடந்திருக்காது. யாரும் வேலைக்குச் சேர்ந்திருக்கவும் மாட்டார்கள்.

நித்யாவும் கிரணும் தங்கள் பாத்திரங்களைச் செய்திருந்த விதம் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. என் மகள் தாடி வைத்த குள்ளன். இடுப்புவரை தாடி, அதில் மூன்று பின்னல். கிரண் ஆறடி உயரத்தில், கூர்மையான காதோடு, யாழ் வாசிக்கும் அழகி. இது பொய்ப் பிரமாணம் இல்லையா என்று கேட்டேன். "டெய்லி ஆபீஸுக்கு மூஞ்சியைக் கழுவிப் பூசிட்டுப் போறேன்ப்பா. சண்டே ஒரு நாளாவது தாடியோட இருக்கேனே" என்றாள். அதற்கு விதியில் பதில் இல்லை.

நான் உள்ளதை உள்ளபடி எழுதத் தீர்மானித்தேன். இனம், மனிதன். வயது, முதியவர். தலை, வழுக்கை. தொப்பைக்கு இடமே வைக்கவில்லை. அதுபற்றிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தொழில் என்ற கட்டத்தில் வீரன், திருடன், பூசாரி, பாணன், வேடன் என்று நீண்டதே தவிர எழுத்தர் என்று ஒன்று இல்லை. கடைசியில் மந்திரவாதி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். யாருக்கும் புரியாத மொழியில் நான்கு வரி எழுதி, எதிரே நிற்பவனை அசைய விடாமல் செய்பவன் என்று விளக்கம் போட்டிருந்தது. அனுபவம் உண்டு.

யாதகிரியின் மச்சம்

மூன்றாம் நாள் மச்சத்தில் சிக்கிக்கொண்டேன். எனக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. ஆனால் திரையில் இருப்பவன் என்னைப் பார்த்து நிற்கிறான். அவனுடைய வலது எனக்கு இடது. படிவத்தில் "வலது" என்று இருப்பது யாருடைய வலது?

இதைச் சாதாரணமாக நினைப்பவர்களுக்கு யாதகிரியைத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் பியூன். ஓய்வுபெறும் தறுவாயில் அவன் காகிதங்களைச் சரிபார்த்தவன் நான். பதிவேட்டில் இடது கன்னத்தில் மச்சம் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. மச்சம் இடம் மாறியதா, ஆள் மாறினானா என்று ஒரு குறிப்பு எழுதினேன். கோப்பு மருத்துவரிடம் போனது. அவர் "மச்சம் உள்ளது" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். எந்தக் கன்னம் என்று கேட்டு மறுபடி அனுப்பினேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், ஆரம்பத்தில் எழுதியவர் எதிரே உட்கார்ந்து தன் கைப் பக்கத்தை எழுதியிருப்பார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

யாதகிரி என்னிடம் விடைபெற வந்தான். லட்டு கொடுத்தான். மச்சம் எங்கேயும் போகலை சாப், நான்தான் ரெண்டு மாசமா போயிட்டு வந்தேன் என்று தெலுங்கில் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். லட்டு நன்றாக இருந்தது.

ஆகவே அன்று மாலை முழுவதும் கண்ணாடி முன்னால் நின்றேன். பிறகு டிவி முன்னால். பிறகு டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன். சரோஜா அடுப்படி வாசலில் நின்று கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, கழுத்து சுளுக்கினால் எண்ணெய் இல்லை என்று மட்டும் சொல்லிப் போனாள்.

வசீகரம்: எட்டு

உடல் முடிந்தது. அடுத்தது குணம். வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். குறைந்தது எட்டு.

தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது முறையல்ல. அரசாங்கத்தில் இதற்கு ஆண்டு இரகசிய அறிக்கை என்று ஒன்று உண்டு. உங்கள் குணத்தை உங்களுக்கு மேலே இருப்பவர் எழுதுவார். எங்கள் வீட்டில் எனக்கு மேலே இருப்பவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. சரோஜா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தாளும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தேன்.

"வலிமை?"

"கேஸ் சிலிண்டரைத் தூக்கி எத்தனை வருஷமாச்சு? எட்டு."

"சுறுசுறுப்பு?"

"எட்டு."

"அறிவு?"

கொஞ்சம் யோசித்தாள். "அது இருக்கு. பதினஞ்சு போடுங்க. அதானே தொல்லை."

"வசீகரம்?"

என் முகத்தைப் பார்த்தாள். பூண்டை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏழு போட முடியுமா?"

"முடியாது. கொறைஞ்சது எட்டு."

"அப்ப எட்டு."

பாதகமான குறிப்பு எழுதப்பட்டால் அதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் எதிர்த்து முறையீடு செய்யலாம். தெரிவிக்கப்பட்டுவிட்டது. முறையீடு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அலுவலகத்தின் பிரிவுபசார விழாக்களில் வரவேற்புரைக்குத் தொடர்ந்து என்னைத்தான் அழைத்தார்கள் என்பதை ஆதாரத்தோடு காட்டியிருந்தேன். வேறு யாரும் முன்வரவில்லை என்பதைக் குறிப்பிடவில்லை.

சரோஜா அதை வாங்கி உப்பு ஜாடியின் கீழே வைத்தாள். சனிக்கிழமை அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதிக் கடைக்குக் கொடுத்துவிட்டாள். மூலப்பிரதி கடைக்காரரிடம் போய்விட்டது. நகல் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நகல் எடுக்காத ஒரே காகிதம் அது.

ஞாயிறு நான்கு மணி. ஹெட்போனில் நித்யாவின் குரல்.

"அப்பா, ரெடியா?"

"நடவடிக்கையில் இருக்கும்மா."

"என்ன நடவடிக்கை?"

"வசீகரம் இன்னும் பைசல் ஆகலை."

 கிரண் மெதுவாக, பரவாயில்லை மாமய்யா, டைம் எடுத்துக்கோங்க என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். நல்ல பையன். ஆனால் விளையாட்டுக்கு மூன்றாவது ஆள் வேண்டும். அன்றைக்கே வேண்டும்.

"அம்மா இருக்காளா? அவளை வரச் சொல்லுங்க" என்றாள் நித்யா.

கொம்பு முளைத்த சரோஜா

சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள்.

திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கணினியே கண்டபடி ஓர் உருவத்தைச் செய்து கொடுத்துவிடும். படிக்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரியைப் பார்ப்பதுபோல நான் அதைப் பார்த்திருந்தேன். அவள் அதைத்தான் அழுத்தினாள்.

ஏழடி உயரத்தில் ஒரு பெண் வந்தாள். செங்கல் நிறம். நெற்றியில் இரண்டு கொம்பு, பின்னால் வால், கையில் கோடாலி.

"கைகால் எல்லாம் இருக்கில்ல? போதும்" என்றாள் சரோஜா. பெயரையும் சரோஜா என்றே போட்டாள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அவள் ராஜ்யத்துக்குள் போய்விட்டாள்.

எங்களிடம் ஹெட்போனும் ஒன்றுதான். அது இப்போது அவள் தலையில். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பாதிப் பேச்சுதான் கேட்டது.

"ஹவ்... ஐயோ, அவனா... நக்கோ நக்கோ, அந்தப் பக்கம் போகாத... அப்புறம் நீ என்ன சொன்ன?" ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், எங்கள் ஊர்ப் பேச்சு. பிறகு ஒரு சிரிப்பு. சரோஜா அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

என்ன சொல்றா என்று சைகையில் கேட்பேன். அவள் கையைக் காட்டி நிறுத்துவாள். ஆறு மணிக்குக் கேட்டால், சும்மா பேசிட்டிருந்தோம் என்பாள்.

அந்த ராஜ்யத்துக்கு அவள் செய்ததை நான் பதிவுசெய்தாக வேண்டும். அவள் ஒரு வீட்டையும் விடவில்லை. உள்ளே நுழைந்ததும் அலமாரியைத் திறப்பாள். கரண்டி, கூடை, மெழுகுவர்த்தி, பாதி தின்ற ரொட்டி எல்லாம் பைக்குள் போகும். பொருளை எடுத்தால் சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் போட வேண்டும் என்றேன். சாட்சிகளை ஏற்கெனவே கோடாலியால் வெட்டியாயிற்று என்றாள். அண்டா மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை கிரண் சத்தமாக "அத்தய்யா சூப்பர்" என்றது ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

மூன்று வாரம் கழித்து என் மந்திரவாதி தயாரானான். முறையீட்டுக்கான கெடு முடிந்துவிட்டதால் எட்டு என்பதை நானே உறுதிசெய்தேன். தயார் என்று சரோஜாவிடம் தெரிவித்தேன்.

"இருக்கட்டும். அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள்.

எத்தனை பேரிடம் நான் சொன்ன வாக்கியம் அது. எதிர்ப்பக்கம் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஓசை நன்றாக இல்லை.

பூட்டிய பெட்டி

கீழ்வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தில் பெண்ணுக்கு ஸ்ரீமந்தம் வந்தது. நம் ஊர் வளைகாப்பு. ஞாயிறு மாலை. சரோஜா பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினாள். "இன்னிக்கு ஒரு நாள்தான்" என்றாள்.

இன்று சோபித்தால் ஒருவேளை வாரம் மாற்றி வாரம் கிடைக்கலாம். சொதப்பினால் இடம் போனது போனதுதான். தகுதிகாண் பருவம் எல்லோருக்கும் இரண்டு வருடம். எனக்கு இரண்டு மணி நேரம்.

தொடக்கம் பிரமாதமாக இருந்தது. என் மந்திரவாதி பாலத்தின் முனையில் தோன்றியதும் நித்யா கத்தினாள்.

"அப்பா, இது அச்சு அசல் நீங்களே. கிரண், மூக்கைப் பாரேன். மச்சம்கூட இருக்கு." சிரித்தாள். நிறுத்திவிட்டு மறுபடி சிரித்தாள். காலிப்பருக்கும் கழுத்து வலிக்கும் அது போதும்.

பிறகு நாங்கள் நடந்தோம். அவர்கள் ஓடினார்கள், நான் நடந்தேன். என் முழங்கால் அப்படி. வழியில் இருந்த அறிவிப்புப் பலகைகளை எல்லாம் நின்று படித்தேன். ஒரு குடிசையில் பூட்டிய பெட்டி இருந்தது. திறங்க மாமய்யா என்றான் கிரண். யாருடையது என்று கேட்டேன். யாருடையதும் இல்லை என்றான். யாருடையதும் இல்லையென்றால் ஏன் பூட்டியிருக்கிறது என்றேன்.  பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

குகையில் பச்சை நிறத்தில் மூன்று குட்டி அரக்கர்கள். ஒரு மந்திரத்தைப் பயன்படுத்துமுன் அதன் நிபந்தனைகளைப் படிப்பது என் வழக்கம். நான் மூன்றாவது பத்திக்கு வருவதற்குள் ஒருவன் என்னைக் கட்டையால் அடித்தான். நித்யா ஓடிவந்து வாயில் மருந்தை ஊற்றினாள். எழுந்தேன். நான்காவது பத்தி. மறுபடி விழுந்தேன். மறுபடி மருந்து.

 நித்யா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்ப வருவா?"

அதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் இடமாறுதல் உத்தரவு எந்தக் குரலில் வரும் என்று எனக்குத் தெரியும்.

குகைக்கு வெளியே இன்னொரு பாலத்தடியில் ராட்சதன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். சுற்றிப் போக வேண்டும் என்று இருவரும் சொன்னார்கள். என் வாழ்நாளில் முதல் தடவையாக எதையும் படிக்காமல் நேராக ஓடினேன்.

காலமானேன்

இதற்கு மருந்து போதாது. பாத்திரம் முறைப்படி இறந்துவிட்டால் எழுப்புவதற்கு ஒரு மந்திர ஓலை வேண்டும். இருந்த ஓலைகள் எல்லாம் சரோஜாவின் பையில், கரண்டிகளோடு. அந்தப் பையோ சரோஜாவின் பாத்திரத்தோடு. வேறு ஓலை வாங்க, சதுப்பு நிலத்தைக் கடந்து சந்தைக்குப் போக வேண்டும். இறந்தவரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. யாராவது சுமந்தாக வேண்டும்.

கிரணுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ ஒரு சர்வர் விழுந்துவிடுகிறது. அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டான். அழகி யாழோடு மரத்தடியில் உறைந்து நின்றாள்.

தாடி வைத்த குள்ளன் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

என் திரை சாம்பல் நிறமாகிவிட்டது. குள்ளனின் குதிகாலும் கொஞ்சம் சேறும் மட்டும் தெரிந்தன. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று வருடாவருடம் சான்றிதழ் கொடுத்துவரும் மனிதன் நான். இதற்கு யாரிடம் போவது?

"அப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா."

"செத்தா மைக் ஆஃப் ஆயிடும்னு நெனச்சேன்."

"ஆகலை."

"சரி. ரொம்ப தூரம் போகணும். சும்மா வாங்க."

கொஞ்ச நேரம் சேற்றில் கால் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ தவளை. பிறகு நித்யா, யாரிடமோ பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"அந்த பிரசாத் இருக்கான்ல, என் மேனேஜர். ரெண்டு மாசம் உக்காந்து நான் செஞ்சதை எல்லாம் தன் பேரைப் போட்டு மீட்டிங்ல காட்டிட்டான்."

என் மனத்தில் உடனடியாக ஐந்து படிகள் வரிசையாக வந்து நின்றன.

"நித்யா, இதுக்கு நீ மொதல்ல ஒரு..."

"அப்பா. நீங்க செத்துட்டீங்க."

நான் நிறுத்தினேன்.

"செத்தவங்க பேசக்கூடாது. கேம் ரூல்."

அந்த விளையாட்டின் விதிகளை அடிக்குறிப்பு உள்பட நான் படித்திருக்கிறேன். அப்படி ஒரு விதி கிடையாது. விதி எண் என்ன என்று கேட்காமல் நான் ஏற்றுக்கொண்ட ஒரே விதி அது.

அவள் சொல்லிக்கொண்டே நடந்தாள். அந்த மீட்டிங்கில் எல்லோரும் கைதட்டியபோது தானும் தட்டியதாகச் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது என்றாள். சாப்பாட்டு இடைவேளையில் தோழி ஒருத்தி பிரசாத்தைப்போல நடந்துகாட்டி, சிரித்துச் சிரித்து மோர் மூக்கில் ஏறியதைச் சொன்னாள். வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுவதைச் சொன்னாள். கிரணிடம் சொல்லியிருக்கிறாள், அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இப்போதுதான். நான் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை திறந்து மூடினேன்.

வாசலில் செருப்புச் சத்தம். சரோஜா வந்தாள். கை நிறைய வளையல், தாம்பூலப் பை, பூ வாசனை. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது. கன்ட்ரோலரைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு சாம்பல் நிறத் திரையை.

"என்னாச்சு?"

மைக்கைக் கையால் மூடிக்கொண்டேன். "செத்துட்டேன்."

"எப்ப?"

"அரை மணி நேரமாச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எட்டுப் போட்ட அன்றைக்குப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம். கன்ட்ரோலரைக் கேட்கவில்லை. காபி போடறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சந்தை வந்துவிட்டது. ஆட்களின் இரைச்சல், ஒரு கழுதை, மணி அடிக்கும் ஓசை. குதிகால் நின்றது.

"அப்பா, கடை வந்தாச்சு. ஓலை இருக்கு. எழுப்பிடவா?"

"இரும்மா. என்ன அவசரம்?" என்றேன். "அந்த மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்தீங்களே. அப்புறம் அவன் என்ன சொன்னான்?"

 குள்ளன் என்னைத் தோளிலிருந்து இறக்கிக் கடைப் படியில் கிடத்தினான். தாடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.